வேலை உண்டா, இல்லையா?



2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து பள்ளிகள் மீண்டும் திறந்த வேளை அது. உதவி தேவைப்படும் மாணவர்களின் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். நானே வரைந்த படிவத்தில் ‘தந்தைக்கு வேலை: உண்டு / இல்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது.

“அப்பாவுக்கு வேலை இருக்கா?” என்று ஒரு மாணவனைக் கேட்டேன்.

“ஃபேக்டரி வேலை போயிருச்சு டீச்சர். இப்ப புல்லு வெட்டப் போறாரு.”

‘உண்டு’ என்று குறித்தேன். அவன் பெயர் பட்டியலில் ஏறவில்லை. சில நாள் கழித்து, ஓய்வு நேரத்தில் மற்ற பிள்ளைகள் உணவுப் பெட்டியைத் திறக்க, அவன் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். விசாரித்தேன். புல் வெட்டும் வேலை வாரத்தில் ஒரு நாள்தான். சில வாரங்களில் அதுவும் இல்லை.

என் கட்டம் தவறென்றால் நாட்டின் கணக்கை எப்படி எடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். புள்ளிவிவரத் துறை, வேலைக்குப் பதிந்தவர்களை எண்ணுவதில்லை. தேர்ந்தெடுத்த குடும்பங்களிடம் குறிப்பிட்ட ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்டு மதிப்பிடுகிறது. 15 முதல் 64 வயது வரையுள்ளவர், அந்த வாரத்தில் ஊதியத்திற்கோ இலாபத்திற்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் வேலையில் இருப்பவரே. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவியவரும் அவ்வாறே. வேலை செய்யாமல், செய்ய ஆயத்தமாக இருந்து தேடுபவர் வேலையற்றவர். வேலை கிடைக்காது என்று நம்பித் தேடாதிருப்பவரையும் நம் நாட்டில் வேலையற்றோருடன் சேர்க்கிறார்கள். இல்லத்தரசியரும் மாணவரும் ஓய்வுபெற்றோரும் தொழிலாளர் அணிக்கு வெளியே நிற்பவர்கள்.

விழுக்காடும் இவ்வணிக்குள்தான் கணக்கிடப்படுகிறது. தேர்வு எழுதியவர்களை மட்டும் கொண்டு தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடுகிறோம் அல்லவா, அதுபோல. நூறு பேரில் 30 பேர் அணிக்கு வெளியே, 67 பேர் வேலையில், 3 பேர் தேடுகிறார்கள் என்றால், விடை 3 விழுக்காடு அன்று. 70-இல் 3, அதாவது ஏறக்குறைய 4.3 விழுக்காடு.

2020 மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காடு, 826,100 பேர் என்று அறிவித்தார்கள். என் மாணவனின் தந்தை போன்றோர், புல் வெட்டிய வாரத்தில் அக்கணக்கில் வரமாட்டார்கள். அது பொய்க் கணக்கு என்று இப்போது நான் சொல்லமாட்டேன். வேலை அறவே இல்லாதவர் எத்தனை பேர் என்ற வினாவிற்கு அது விடை. வீட்டில் அரிசி இருக்கிறதா என்பது வேறு வினா. வாரத்தில் 30 மணி நேரத்திற்கும் குறைவாக உழைத்து, மேலும் உழைக்க விரும்புவோரை அத்துறையே தனியாக எண்ணுகிறது. தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொள்பவர்கள் நாம்தாம்.

அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு மூன்று வினாக்கள் எழுதினேன். சென்ற வாரம் எத்தனை நாள் வேலை? கையில் வந்தது எவ்வளவு? வீட்டில் உண்போர் எத்தனை பேர்? அவன் பெயர் சேர்ந்தது.

ஆசிரியர்களே, உங்கள் படிவத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெற்றோர்களே, ‘வேலை உண்டு’ என்று எழுதுவதில் இழுக்கில்லை. அருகில் ‘வாரம் ஒரு நாள்’ என்றும் எழுதுங்கள்.