மடக்குக் கத்தி வாங்கும் முன்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது கத்தியைப் பற்றிய கேள்விகள் நம்மிடம் வருவது வழக்கம். குர்பானிக் கத்தி எவ்வளவு கூராக இருக்க வேண்டும், யார் பிடிக்கலாம் என்பன போன்றவையே அவற்றில் பெரும்பாலானவை. இம்முறை வந்த கேள்வி வேறு. வளைகுடாவில் வாகனம் ஓட்டும் ஒரு தந்தை தொலைபேசியில் கேட்டார்: “ஹஜ்ரத், குறைஞ்ச விலையில நல்ல மடக்குக் கத்தி எது? இந்தத் தடவை மடங்காததா இருக்கணும்.”

மடங்காத மடக்குக் கத்தி என்று கேட்டவரின் துயரம் நமக்குத் தெரியும். சென்ற விடுமுறையில் அவர் தம் மகனுக்கு, பளபளக்கும் பித்தளைப் பிடி வைத்த ஒரு சிறு கத்தியை ஏதோ ஒரு தெருக்கடையில் வாங்கித் தந்துவிட்டுப் போனார். நம் மதரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவன். கொய்யாக்காயின் நடுவே கத்தியை அழுத்தியபோது அலகு திடீரென மடங்கி, ஆள்காட்டி விரலில் இறங்கிற்று. நான்கு தையல். அத்தா கொடுத்த பொருள் என்பதால் அதைக் குறை சொல்லவும் அவனுக்கு மனம் வரவில்லை. காய் கடினமாக இருந்தது என்றே வீட்டாரிடம் கூறினான். எல்லாம் அறிந்த தந்தை தொலைபேசியில் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

ஆகவே அவருக்குச் சொன்னதை மற்றப் பெற்றோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

குறைந்த விலைக் கத்தியில் நம் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதே முதற் கேள்வி. பிடியின் வேலைப்பாட்டுக்கும் அலகில் வரைந்த அலையலையான கோலத்துக்கும் கொடுக்கும் பணம் வீண். அலகு சுழலும் ஆணியும், விரித்த அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டுமே மடக்குக் கத்தியின் உயிர். பழைய பேனாக்கத்திகளில் பூட்டு கிடையாது. முதுகுப்புறத்து வில் மட்டுமே அலகைத் தாங்கும். அழுத்தம் திசை மாறினால் மடங்கிவிடும். பென்சில் சீவ அது போதும். கொய்யாவுக்கும் தேங்காய்க் கீற்றுக்கும் கயிற்றுக்கும் அது போதாது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் உழவர்களுக்காக மரப்பிடி போட்ட எளிய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் விற்பனையாகிறது. 1955-இல் அதன் கழுத்தில் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது. அறுபத்தைந்து ஆண்டுகள் பூட்டில்லாமல் விற்ற கத்திக்கும் ஒரு வளையம் தேவைப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். விலையை ஏற்றிவிடும் பெரிய பொறியன்று அது. ஒரு தகட்டு வளையம்தான்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் விரித்துப் பாருங்கள். அலகை இடமும் வலமும் மெல்ல அசையுங்கள். ஆணியில் ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு பூட்டைப் போட்டு, விரல்கள் அலகின் பாதையில் வராதபடி பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்துங்கள். சிறிதேனும் மடங்கினால் அக்கத்தி வேண்டா. மடக்கி வைக்கும்போது அலகு பிடியின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் அதன் கூர் நாளடைவில் கெடும். ஆணி அறையப்பட்டதாக இல்லாமல் திருகாணியாக இருந்தால் தளரும்போது நாமே இறுக்கிக்கொள்ளலாம். இச்சோதனைகளைச் செய்யவிடாத கடைக்காரரிடம் வாங்குவதைவிட வாங்காமல் வருவது மேல்.

எஃகைப் பற்றியும் சிறிது. கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சையும் புளியும் பட்டால் கறுக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பக்கம் உப்புக் காற்றில் வாழும் குடும்பங்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்கலாம். அது மென்மையாக இருந்தால் அடிக்கடி தீட்ட நேரும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு தீட்டுக்கல் இருக்கட்டும். சுழலும் சாணைச் சக்கரத்தில் நெடுநேரம் பிடித்தால் அலகின் ஓரம் சூடேறி நீலம் பாய்ந்து எஃகின் பதம் போய்விடும். மழுங்கிய கத்தியே பாதுகாப்பானது என்று சில தாய்மார்கள் எண்ணுகிறார்கள். மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடினால் வழுக்கும்.

குர்பானிக்கு மடக்குக் கத்தியைக் கொண்டுவர வேண்டா. மூட்டில் புகுந்த இரத்தத்தையும் கொழுப்பையும் கழுவி எடுப்பது கடினம். மேலும் அங்கே தேவைப்படும் நீளமும் உறுதியும் அதற்கு இல்லை. அறுப்பதைச் செம்மையாகச் செய்ய வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்ற கட்டளை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

இன்னொரு கேள்வியைப் பெற்றோர் தயங்கித் தயங்கியே கேட்கிறார்கள்: “நம்ம பிள்ளை பையில் கத்தி இருந்தா யாராவது தப்பா நினைப்பாங்களா?” இத்தயக்கத்தை நாம் எள்ளி ஒதுக்கமாட்டோம். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் செய்த மடக்குக் கத்தியை இந்தித் திரைப்படங்கள் வில்லன்களின் கையில் கொடுத்து, ஊர்ப் பெயரையே அச்சமூட்டும் சொல்லாக்கிவிட்டன. அவ்வூரார் 2023-இல் தம் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு மடக்குக் கத்தியை நிறுவியது, அந்தக் கைத்தொழிலைப் பெருமையோடு உரிமை கொண்டாடத்தான் என நாம் கருதுகிறோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அலகு 9 அங்குலத்தைவிட நீளமாகவோ 2 அங்குலத்தைவிட அகலமாகவோ உள்ள கத்திகளையே ஆயுத விதிகள் ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டுப் பயன்பாட்டுக்கும் வேளாண்மைக்கும் செய்யப்பட்டவை அதில் சேரா. பழம் நறுக்க 3 அங்குல அலகே தாராளம். ஆயினும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டங்களுக்கும் அதைக் கொண்டுசெல்லத் தேவையில்லை. திருச்சி விமான நிலையத்துக்குச் செல்வோர் கைப்பையில் வைக்கக் கூடாது. எடைபோட்டு அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும்.

பிள்ளையிடம் கொடுக்கும் முறைக்கும் நமக்கு வழிகாட்டல் உண்டு. உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. மடக்குக் கத்திக்கு அதன் பிடியே உறை. எனவே மடக்கிய பிறகே கைமாற்ற வேண்டும். நம் மதரஸாவில் பழம் நறுக்கும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கியிருக்கிறோம். விரித்த கத்தியை நீட்டினால் மற்றவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான்.

அந்தத் தந்தை, அடுத்த விடுமுறையில் தாமே புதுக்கோட்டைக் கடைத்தெருவுக்கு மகனை அழைத்துச் சென்று, அவன் கையாலேயே பூட்டைச் சோதிக்க வைத்து வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய கத்தியை என்ன செய்வது என்று கேட்டார். பழைய இரும்பு வாங்குபவரிடம் போடச் சொன்னோம்; அலகைப் பிடியிலிருந்து கழற்றிய பிறகு.