திருச்சானூர் மாடியில் ஒரு பாத்டப்

திருச்சானூரில் வீடு கட்டும் தம்பி ஒருவருக்கு மாடி பாத்ரூமில் தனியாக நிற்கும் பாத்டப் வேண்டுமாம். கார்த்திகை பிரம்மோற்சவத்தில் பஞ்சமி தீர்த்தத்தன்று ஒரே ஒரு முழுக்குக்காகப் கோயில் குளமான பத்ம சரோவரத்தில் கூட்டம் அலைமோதும் ஊர் அது! சரி, ஆசை அவருடையது.

ஆனால் எடையைப் பாருங்கள். 200 லிட்டர் தண்ணீரே 200 கிலோ. தொட்டியும் ஆளும் சேர்ந்தால் 300ஐத் தொட்டுவிடும். சுவரோரம் ஒட்டிப் போட்டால் இடுக்கில் சோப்பு அழுக்கு சேரும், துடைக்கக் கை நுழையாது. தள்ளியே வையுங்கள். தண்ணீர் வரும் குழாய், வடியும் குழாய் இரண்டுக்கும் டைல்ஸ் ஒட்டுமுன்பே இடம் குறித்துவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கறுப்புத் தொட்டி வேண்டவே வேண்டாம், வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

காசு கொடுக்குமுன் ஸ்லாப் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள்.