ஆளில்லாதவர்க்கும் ஒரு கை நீர்

ஆடி அமாவாசை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் விடியுமுன்னே நிற்க இடமில்லை. காவிரிப் பாலம் தாண்டி இறங்கினால், அம்மா மண்டபம் வரை தலைகள்தான். அப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை என்பதால் அத்தையும் கூட வந்திருந்தார்.

மேட்டூர்த் தண்ணீர் முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் எனப் பிரிந்து ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்து ஓடுகிறது. தென்பக்கக் காவிரியில் அம்மா மண்டபப் படித்துறை, அக்கரையில் மலைக்கோட்டை.

முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு ஐயர் முன் வரிசையாக உட்கார்ந்தோம். தர்ப்பைப் பவித்திரம் விரலில் ஏறியது. “அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லுங்கோ.” கொள்ளுத்தாத்தா பெயரைப் பின்னாலிருந்து அத்தை எடுத்துக்கொடுத்தார். எள்ளும் நீரும் விடும்போது எனக்குக் கை நடுங்கியது. பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: “அழுகை வந்தா அழுதுடுங்க தம்பி. இங்க எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

முடிக்குமுன் இன்னொரு கை நீர் விடச் சொன்னார் ஐயர். தாய், தகப்பன், உறவு, நட்பு என்று நீர்விட யாருமே இல்லாமல் போனவர்களுக்கு அது. முன்பின் தெரியாதவர்களுக்காக அத்தனை பேரும் கையைச் சாய்த்தோம்.

வெளியே வந்து மாடுகளுக்கு அகத்திக்கீரை கொடுக்கும்போது காத்மாண்டு நேவார் மக்களின் காய் ஜாத்ரா நினைவுக்கு வந்தது. ஆவணி அவிட்டப் பௌர்ணமிக்கு மறுநாள், அந்த ஆண்டு சாவு கண்ட வீடுகள் பசுவையோ பசு வேடமிட்ட பிள்ளையையோ அழைத்துக்கொண்டு ஊர்வலம் வரும். போனவருக்குப் பசு வழிகாட்டும் என்பது நம்பிக்கை. மகனை இழந்து தேறாத ராணிக்கு, எல்லா வீட்டிலும் சாவு உண்டு என்று காட்ட 17-ஆம் நூற்றாண்டு அரசர் பிரதாப மல்லர் அந்த ஊர்வலத்தை வரவழைத்தார் என்பார்கள்.

கொரோனாவால் 2020 ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் யாரையும் விடவில்லை. அவரவர் வீட்டோடு திதி முடிந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் நீர் விடுவது எவ்வளவு கனம் என்று இன்று புரிகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போனவரைப் பற்றிய பேச்சை நாம் மாற்றிவிடுகிறோம். மாற்ற வேண்டாம். சடங்கில் நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருநாளாவது அவர் பெயரை நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்து ஆளில்லாமல் போன ஒருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.