கப்பலேறும் வேளை

ரோமாபுரியிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தை அடையலாம். டிராஜன் சக்கரவர்த்தி அமைத்த பழந்துறை அது. மைக்கேலாஞ்சலோவின் பெயர் தாங்கிய கோட்டை இன்றும் கரையில் காவல் நிற்கிறது.

இங்கே உல்லாசக் கப்பலேறும் பிரயாணிகள், தாங்கள் வந்து சேரும் வேளையைப் பல நாள் முன்னரே இணையத்தில் குறித்துவிட வேண்டும். எந்த வேளையைக் குறிப்பது? நண்பகலில் போனால் அறை சித்தமாயிராது. கடைசி வேளையைக் குறித்தால் ரோமாபுரியில் இன்னும் அரை நாள் சுற்றலாம். நமக்கும் அந்தச் சபலம் உண்டாயிற்று.

அப்போதுதான் 2012-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வருஷம் ஜனவரி 13-ந் தேதி மாலை இதே துறையிலிருந்து கிளம்பிய 'கோஸ்டா கன்கார்டியா', அன்றிரவே ஜிக்லியோ தீவருகே பாறையில் மோதிற்று. 32 பேர் மாண்டனர். அன்று இங்கே ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆபத்துக்கால ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அக்காலத்து விதி. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும்.

ஆகவே நாம் பிற்பகல் இரண்டு மணியைக் குறித்தோம். கப்பலேறியதும் உயிர்காப்புச் சட்டை எங்கே, நம் படகு எது, அதற்கு வழி எது என்று நிதானமாய்ப் பார்த்துக் கொண்டோம். பிறகு மேல்தளத்தில் நின்று கோட்டையைப் பார்த்தோம். கீழே, வாசல் அடைபடும் நேரத்தில் மூட்டை முடிச்சுகளுடன் சிலர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

ரோமாபுரி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டது. நாம் மறுபடி வரும் வரையிலும் இருக்கும். கப்பல் அப்படிக் காத்திராது. கடலோ, நாம் பாடம் கற்றுக்கொள்ளும் வரையில் காத்திராது.