சூரியனை அளந்த கதை

2012 ஆம் ஆண்டு யூன் மாதம் 6 ஆம் திகதி காலை, எமது ஊர்ப் பாடசாலை மைதானத்தில் மாணவரோடு நாமும் நின்றிருந்தோம். சிறு தொலைகாட்டி ஒன்றின் வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஆசிரியர் வெள்ளைக் கடதாசியில் விழுத்தியிருந்தார். பிம்பத்தின் மீது மிளகளவில் ஒரு கரும்புள்ளி. அதுவே சூரியனைக் கடந்து செல்லும் வெள்ளிக் கிரகம். சற்று நேரத்தில் முகிலொன்று வந்து மறைத்தது. "ஐயோ!" என்று பிள்ளைகள் அங்கலாய்த்தனர். அந்தக் குரல் எமக்கு 1769 ஆம் ஆண்டுப் புதுச்சேரியை நினைவூட்டிற்று.

வெள்ளி இவ்வாறு சூரியனைக் கடப்பதை உலகின் தொலைவான இடங்களிலிருந்து நோக்கி நேரங் குறித்தால், சூரியனின் தூரத்தைக் கணிக்கலாமென ஹலி என்னும் ஆங்கில வானியலறிஞர் 1716 இல் எடுத்துரைத்தார். ஒருவர் தனித்து நின்று எவ்வளவு கூர்ந்து நோக்கினும் பயனில்லை. பலர் பல தேசங்களில் நின்று பார்க்க வேண்டும். பார்த்ததை ஒளியாது பகிரவும் வேண்டும். ஆகவே, இங்கு ஒத்துழைப்பு பெருந்தன்மையால் வந்ததன்று. கணக்கே அதனைக் கேட்டது.

ஆயின், 1761 இல் அச்சந்தர்ப்பம் வாய்த்தபோது பிரித்தானியாவும் பிரான்சும் ஏழாண்டு யுத்தத்தில் மூழ்கியிருந்தன. மேசன், டிக்சன் என்னும் ஆங்கிலேயர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக் கப்பலொன்று தாக்கியதில் 11 பேர் மாண்டனர். புதுச்சேரியை நாடி வந்த பிரெஞ்சு அறிஞர் லெ ஜாந்தீ, அந்நகர் ஆங்கிலேயர் கைப்பட்டதை வழியிலேயே அறிந்தார். கப்பல் திரும்பிற்று. குறித்த நாளில் நடுக்கடலில், ஆடும் தளத்தில் நின்று அவர் கண்ட காட்சி கணிப்புக்கு உதவவில்லை.

அடுத்த சந்தர்ப்பத்துக்காக எட்டு ஆண்டுகள் கீழைத் தேசங்களிலேயே அவர் தங்கினார். போர் முடிந்து, பிரான்சிடம் மீண்ட புதுச்சேரியை அடைந்தார். மதராசிலிருந்த ஆங்கிலேயரே நல்ல தொலைகாட்டி ஒன்றை அனுப்பி உதவினர். பழைய பகைவரின் கருவியோடு 1769 யூன் 4 ஆம் திகதி வைகறையில் காத்து நின்றார். முகில் மூடிற்று, எல்லாம் முடிந்த பின்னரே வானம் வெளித்தது. 1771 இல் அவர் தாயகம் மீண்டபோது, அவர் இறந்துவிட்டாரெனக் கருதிய உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்!

ஆயினும் அவர் புதுச்சேரியில் வீணே இருந்தாரல்லர். சோகிகளை நிலத்தில் வைத்துக் கிரகணங் கணிக்கும் முறையைத் தமிழரிடம் கேட்டறிந்தார். 1765 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிப்பு 41 விநாடி குறைத்தும், ஐரோப்பியரான மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டியும் கூறின. எனினும், இச்செய்தியைத் தாங்கிய நூல் கேட்டவரின் பெயரால் வழங்குகிறதேயன்றிக் கற்பித்தவரின் பெயராலன்று. கூட்டாராய்ச்சியில் இக்குறை இன்றும் முற்றாக நீங்கவில்லை. கருவியும் பணமும் உடையோர் பெயர் முன்னே நிற்க, மண்ணையும் மரபையும் அறிந்து வழிகாட்டியோர் பின்னே மறைந்துவிடுவதுண்டு.

சூரியனின் தூரம் என்னவாயிற்று? தெகீற்றித் தீவு முதலிய இடங்களிலிருந்து 1769 இல் கிடைத்த குறிப்புகளைச் சேர்த்து ஒக்ஸ்போட் பேராசிரியர் ஹோர்ன்ஸ்பி கணித்த தூரம் ஏறத்தாழ 9 கோடி 37 இலட்சம் மைல். இன்று நாம் அறிந்த தூரம் சுமார் 9 கோடி 30 இலட்சம் மைல். அருகருகே நின்றோரும் வெள்ளி சூரிய விளிம்பைத் தொட்ட கணத்தை வெவ்வேறாகக் குறித்திருந்தனர். அவ்வாறிருந்தும், பலரின் பிழைகளை ஒப்புநோக்கியே உண்மையை இத்துணை அணுகினர்.

மைதானத்தில் முகில் விலகிற்று. பிள்ளைகள் மீண்டும் கடதாசியைச் சூழ்ந்தனர். வெள்ளி இனிச் சூரியனைக் கடப்பது 2117 இலாகும். அதற்குள் எமது மாணவர் பலர் பிறநாட்டாரோடு கூடி ஆராய்வார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: கண்டதை ஒளியாது கொடுங்கள், கற்பித்தவரின் பெயரையும் மறவாது எழுதுங்கள்.