பதுங்கு மேசை

பாரோ-இன்-ஃபர்னஸ் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், கடலுக்குள் நீண்ட நிலத்தின் முனையில் இருக்கிறது. பக்கத்து ஏரி மாவட்டத்துக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இங்கு வரை இறங்கி வருகிறார்கள். செம்மணற்கல்லில் எழுப்பிய நகர மன்றம், அதைத் தாண்டினால் கப்பல் கட்டும் தளம், பாலத்துக்கு அப்பால் வால்னி தீவு, அங்கே தளத்துத் தொழிலாளர்களுக்காக விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய வீட்டு வரிசைகள். ஊரின் அமைப்பு இதுதான். தளமும் வீடும் நடை தூரத்தில் இருந்ததால், இரண்டாம் உலகப் போரில், 1941 ஏப்ரல், மே மாதங்களில் ஜெர்மானிய விமானங்கள் தளத்தைக் குறிவைத்து வீசிய குண்டுகள் வீடுகளின் மேல் விழுந்தன. 83 பேர் இறந்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றி பிரிட்டனில் ஒரு கதை நிலைத்துவிட்டது. ஆபத்து வந்ததும் எல்லோரும் வேற்றுமை மறந்து ஒரே மனமாக நின்றார்களாம். பாரோவைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனங்கள் ஒன்றாகாமலே வேலைகள் நடந்தன. ஊரைத் தாங்கியது அந்த வேலைகள்தான்.

சாதாரண மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்ய 1937-இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் அமைப்புக்கு, இந்த ஊரின் இல்லத்தரசி நெல்லா லாஸ்ட் 1939 முதல் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 49. கணவர் தச்சர், பிள்ளைகள் இருவர். பெண்கள் தன்னார்வ சேவை மையத்தில் தையல், நடமாடும் கேன்டீனில் தேநீர், போர்க்கைதிகளுக்குப் பொட்டலம் அனுப்பப் பணம் திரட்டும் கடை என்று அவருடைய வாரம் நிரம்பியது. வெட்டி மிஞ்சிய துணியில் மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் பொம்மை தைத்தார். அதே நாட்குறிப்பில் கணவரோடு இருந்த கசப்பும் உண்டு, வெளிவேலை தந்த விடுதலையும் உண்டு. போர் இந்தக் குடும்பத்தை நெருக்கமாக்கிவிடவில்லை. அடுப்படிக்கு வெளியே ஒரு பெண்ணுக்கு இடம் கொடுத்தது; அந்த இடத்தில் அவர் செய்தது ஊருக்குப் பயன்பட்டது.

குண்டுவீச்சில் வீட்டுக்குள்ளேயே பதுங்க அரசு 1941 மார்ச்சில் கொடுக்கத் தொடங்கிய மாரிசன் பதுங்கு மேசையும் இதையே சொல்கிறது. ஆறரை அடி நீளம், நான்கு அடி அகலம், மேலே எஃகுத் தகடு, பக்கங்களில் கம்பி வலை. பாகம் பாகமாக வந்து சேரும். திருகாணி முடுக்கி வீட்டாரே பூட்டிக்கொள்ள வேண்டும். பகலில் அதன்மேல் சாப்பாடு, இரவில் அதன்கீழ் படுக்கை. எஃகு அரசினுடையது, அதை வீடாக்கியது குடும்பம். பாரோவில் பதுங்கிடங்கள் போதவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊர் எல்லையின் வேலியோரங்களில் இரவைக் கழித்தவர்களும் இருந்தார்கள்.

ஒரு பெண்ணின் நாட்குறிப்பை ஊரின் கதையாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் அதன் பக்கத்தில் 1943 செப்டம்பரை வைத்துப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தத்தை 1940-லேயே அரசாணை தடை செய்திருந்தும், விக்கர்ஸின் பொறியியல் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூலிக்காக வெளியேறி இரண்டு வாரத்துக்கு மேல் திரும்பவில்லை. ஒரே மனம் என்ற கதையில் இவர்கள் துரோகிகள். போருக்கு வேண்டிய கப்பல்களைக் கட்டியதும் இதே தளத்துக் கைகள்தான் என்பதற்கு அந்தக் கதையில் இடமில்லை. கூலிக்குச் சண்டை போடுகிறவன் பக்கத்து வீட்டுத் தீயை அணைக்க மாட்டான் என்று யார் சொன்னது?

ரேஷனும் இருட்டடிப்பும் சட்டத்தின் கட்டாயம்தானே, இதில் சமூகம் எங்கே என்பது இன்னொரு மறுப்பு. கட்டாயம் உண்மை. 1940 ஜூலையில் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை என்று சட்டம் அளவு வைத்தது. ஆனால் இடிந்த தெருவில் தேநீர் ஊற்றித் தருவதைச் சட்டம் செய்யவில்லை. சம்பளமில்லாத பெண்கள் செய்தார்கள். அண்டை வீட்டுக்கும் அதே அளவுதான் என்று தெரிந்ததால் பொறாமைக்கு இடம் குறைந்தது. கள்ளச்சந்தை இருந்தும் பங்கீடு குலையவில்லை. போர் 1945-இல் முடிந்தது. ரேஷன் முழுவதும் நீங்க 1954 ஜூலை ஆயிற்று. பொங்கியெழும் உணர்ச்சி ஒன்பது வருடம் நிற்காது. வரிசையில் நின்று தன் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் நிலைத்து நின்றது.