துதிக்கை வைத்த லை

திருவண்ணாமலையில், தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த ஸ்டிக்கர் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் வினைல் சுருள்கள், வாசலருகே கட்டிங் பிளாட்டர். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்கள் பேனருக்காக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் போனது ஒரே ஒரு சொல் வரையப்படுவதைப் பார்க்க. அண்ணாமலை.

டிபன் கடைக்காரர் ஒருவர் தம் கண்ணாடிக் கதவுக்கு அதைக் கேட்டிருந்தார். அப்பா காலத்துப் பலகையைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, “எழுத்து இதே மாதிரி இருக்கணும்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பலகையில் இருந்தவை பழைய எழுத்துகள். ‘ணா’வுக்குத் தனியாகக் கால் இல்லை, எழுத்தின் வாலே கீழிறங்கிச் சுழிந்திருந்தது. ‘லை’க்கு இரட்டைச் சுழி இல்லை, லகரத்தோடு ஒட்டி ஒரு துதிக்கை எழுந்து வளைந்திருந்தது. பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஆணையாக்கியது. அப்போது மாறிய எழுத்துகளில் இரண்டு இந்த ஊர்ப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன.

இன்றைய தமிழ் ஃபான்ட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த வடிவங்கள் கிடையாது. தட்டச்சு செய்ய முடியாது. வரைந்துதான் ஆக வேண்டும். வரைந்தவர் இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். கோரல் டிரா மென்பொருளில் ஆறு வருடப் பழக்கம்.

முதலில் போட்டோவைத் தானாகக் கோடாக்கும் வசதியில் போட்டுக் காட்டினார். ஒரு நொடியில் எழுத்து வந்தது. பார்க்க அப்படியே இருந்தது. ஷேப் டூலை எடுத்து அதைத் தொட்டதும் விளிம்பெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள், எறும்பு மொய்த்த மாதிரி.

“இதெல்லாம் நோடு சார். பெயின்ட் உரிஞ்ச இடத்தைக்கூட எழுத்துன்னு நெனச்சு எடுத்திருக்கு. இப்படியே வெட்டக் குடுத்தா பிளேடு ஒவ்வொரு நோடுலயும் திரும்பும். ஓரம் பிசிறடிக்கும்.”

அதை அழித்துவிட்டு, போட்டோவை அடியில் பூட்டி வைத்து, மேலே கையால் வரையத் தொடங்கினார். சுழியின் உச்சியில் ஒரு புள்ளி, அடியில் ஒன்று, இடக்கோடியில் ஒன்று, வலக்கோடியில் ஒன்று. அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரு பக்கம் கைப்பிடிபோல் நீளும் கோட்டை இழுத்து வளைவைப் பதமாக்கினார். வளைவை இப்படி வரையும் கணக்கு பிறந்தது கார் பட்டறையில். 1959இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ இதற்கு வழி கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காரின் தகட்டு வளைவைத் துல்லியமாகச் சொல்வதற்காக அவர்கள் கண்ட கணக்கில்தான் இன்று நம் ணகரத்தின் சுழிகள் வளைகின்றன.

நான்கு புள்ளியில் வட்டம் சரியாக வருமா என்று கேட்டேன். கணக்குப்படி அது முழு வட்டம் அல்ல. ஆரத்தில் ஏறத்தாழ 0.027 சதவீதம் பிசகும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கால் மில்லிமீட்டர்தான். “பிளேடுக்கே தெரியாது சார்” என்றார்.

துதிக்கையில்தான் நேரம் போனது. அதன் தடிமன் சீராக இருக்க வேண்டும். முதலில் நடுக்கோட்டை மட்டும் வரைந்து, அதற்குத் தடிமன் கொடுத்து, அந்தக் கோட்டையே உருவமாக மாற்றினார். அது லகரத்தின் மேல் ஏறும் இடத்தில் இரண்டையும் வெல்ட் செய்தார். செய்யாவிட்டால் திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும். பிளேடு மட்டும் எழுத்துக்குக் குறுக்கே வெட்டிவிடும். திரும்பப் பார்த்து, வளைவில் ஒரு புள்ளியை எடுத்தார். கோடு இன்னும் இளகி வந்தது.

“பலகை எழுதினவரு இங்க பிரஷ்ஷை எடுக்கவே இல்ல. ஒரே இழுப்பு. அங்க நோடு வெக்கக் கூடாது.”

நான் அன்று கற்றுக்கொண்டது இதுதான். துல்லியம் என்றால் நிறையப் புள்ளி வைப்பது என்றிருந்தேன். எங்கே வைக்கக் கூடாது என்று தெரிவதுதான் அது. அதற்கு மென்பொருள் தெரிந்தால் போதாது. எழுத்தை எழுதிய கை எங்கே நின்றது, எங்கே நிற்காமல் ஓடியது என்று படிக்கத் தெரிய வேண்டும். இந்தப் பெண் ‘ணா’வும் ‘லை’யும் புதிய வடிவில் மட்டுமே எழுதிப் பழகியவர். முகம் தெரியாத ஓர் ஓவியரின் கையை அவர் பலகையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். இந்த வேலைக்குக் கடையில் தனிக் கூலி இல்லை. ஸ்டிக்கருக்குச் சதுர அடிக் கணக்குதான். வரைந்த இரண்டு மணி நேரம் பில்லில் வராது. வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிளாட்டரில் முதலில் ஒரு சின்னச் சதுரம் வெட்டிப் பார்த்தார். வினைல் மட்டும் அறுபட்டு அடித்தாள் தப்ப வேண்டும். பிறகு எழுத்து. பிளேடு சுழிகளில் தயங்காமல் போய் வந்தது. ஊசியால் வேண்டாத வினைலை உரித்து, சுழிகளுக்குள் இருந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்து முழங்கையில் ஒட்டிக்கொண்டார். முடித்து நிமிர்ந்தபோது அடித்தாளில் அண்ணாமலை நின்றது, வாலும் துதிக்கையுமாக.

“அந்த அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லணும் சார்” என்றபடி கையிலிருந்த துணுக்குகளை உரிக்கத் தொடங்கினார்.